உன் மகனுக்கு நான் ஊட்டிய கஞ்சி

மையவாடி மண்ணில் நிம்மதியாய்ப் படுத்திருக்கிற என் ஆசை ராத்தாவுக்கு, உன் தங்கச்சியின் அஸ்ஸலாமு அலைக்கும்.

நிம்மதியாய் என்று எழுதிவிட்டேன். இங்கே நடந்த கூத்தெல்லாம் கேட்டால் உனக்கு நிம்மதி எங்கே வரப்போகிறது? முதலில் நல்ல செய்தி. உன் மகன் ஆதிலுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. நேற்று என் விரலைக் கடித்துவிட்டு என்னையே பார்த்துச் சிரித்தான். அந்தக் கள்ளச் சிரிப்பு அப்படியே உன்னுடையது. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போது ஒவ்வொரு நாளும் முதல் வாயை நீ தின்றுவிட்டுச் சிரிப்பாயே, அதே சிரிப்பு. "உம்மா, ராத்தா என்ட சோத்தத் திங்கிறா" என்று நான் குளறுவேன். அந்தக் களவை நான் மன்னிக்கவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

இனி மற்றக் கதை.

டெங்குக் காய்ச்சலில் நீ போனபோது பிள்ளைக்கு மூன்று மாதம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு மச்சான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிந்தவூருக்கு, தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். பெண்சாதி வீட்டில் குடியிருக்க வந்த ஆம்பிளை, பெண்சாதி இல்லாத வீட்டில் எந்த முறையில் இருப்பது? அதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை கல்முனையில் எங்களோடு இருப்பான், வெள்ளியும் சனியும் மட்டும் நிந்தவூர் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மச்சானின் மூத்த சகோதரி பரீதா மதினிக்கு மட்டும் அந்தப் பேச்சுத் தொண்டைக்குள் இறங்கவேயில்லை.

ஆறு மாதம் முடிந்து பிள்ளைக்குச் சாப்பாடு தொடங்கிய அன்று மதினி வந்து இறங்கினார். கையில் ஒரு டின். கத்தாரில் இருக்கிற மகன் அனுப்பியதாம். டின்னின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, உப்பிய பணிஸ் மாதிரிக் கன்னம். அதை மேசை நடுவில் வைத்து, எழுத்துப் பக்கம் வாசலைப் பார்க்கும்படி திருப்பியும் விட்டார்.

"இதத்தான் குடுக்கணும். ஊர்க் குப்பையெல்லாம் தீத்தி என்ட தம்பிட புள்ளய நாசமாக்காத."

ஊர்க் குப்பை என்று அவர் சொன்னது என் மாவை. சிவப்பரிசியும் பயறும் கழுவி, வெயிலில் காயப்போட்டு, வறுத்து, மில்லில் நானே பக்கத்தில் நின்று அரைப்பித்த மா. நான் சும்மா இருப்பேனா?

"அந்த டின்ன எப்ப அடைச்சதெண்டு அதில சிரிக்கிற புள்ளைக்காவது தெரியுமா மதினி? செத்த சாப்பாடு அது."

"பால்மா டின்னில வளந்த புள்ளைக்குச் சாப்பாட்டு டின் மட்டும் ஹறாமாகா?"

நீ இல்லாததைச் சொல்லிக் குத்தியது போல இருந்தது, ராத்தா. அன்றிலிருந்து டின் என்று கண்டாலே எனக்குப் பேய் பிடிக்கத் தொடங்கியது.

உனக்குத் தெரியும், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த ஊரின் டின் பைத்தியத்தை நான் சொல்லத் தொடங்கினால் கடிதம் முடியாது. நம் பின்வீட்டுக்காரி கண்ணாடி அலுமாரியில் வெறும் டின்களை வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறாள். பீங்கான் கோப்பை வைத்த இடத்தில் வெறும் தகரம்! அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், டின் இன்னும் இறங்கவில்லை. மெயின் வீதிக் கடையில் புது வாப்பாமார் டின்னின் பின்பக்கத்தைக் காணி உறுதி வாசிப்பதுபோல ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறார்கள். வாசித்து விளங்கியா வாங்குகிறார்கள்? விலை கூடியதைப் பார்த்து வாங்குகிறார்கள். மாமியார் வீட்டில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டுமே.

மற்றக் கூட்டம் அதைவிட மோசம். வீட்டுச் சாப்பாட்டுக் கூட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் பூசணிக்காய்க் கூழ், மேலே ஒரு கறிவேப்பிலை, பக்கத்தில் பூத்துணி. ஒரு வயதுப் பிள்ளைக்குக் கறிவேப்பிலை எதற்கு, போட்டோவுக்குத்தானே? அதில் ஒருத்தியின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பிள்ளை தேத்தண்ணியில் பிஸ்கட் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது. கூழ் அவள் புருஷனின் இராச்சாப்பாடு. பாவம் மனிசன், வாய் திறக்காமல் தின்றார்.

இவர்களைப் பார்த்துச் சிரித்த எனக்கு, நானும் அந்தக் குழுவில் இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மாவின் படத்துக்குத்தான் அங்கே ஆகக் கூடுதலான மாஷா அல்லாஹ் விழுந்தது.

எட்டாம் மாதம் ஆதில் மெலிந்தது போலத் தெரிந்தான். எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் தெரிந்தது. மச்சான் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மதினி பேசினார்.

"இந்தமுற கிளினிக்கில நிறை கூடல்லெண்டா புள்ள இனி நிந்தவூர்லதான். ஒங்கட மா ஒங்களோட இரிக்கட்டும்."

நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவர் சீமெந்து நிலத்தைப் பார்த்தார். உன் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அந்த நிமிடம் எனக்கு நன்றாகவே விளங்கியது, ராத்தா. அவன் தொட்டில் இல்லாத அந்த அறையில் நான் என்ன செய்வேன்?

கிளினிக் நாள் வந்தது. மதினி நிந்தவூரிலிருந்து பஸ் ஏறி நேரே கிளினிக்குக்கே வந்துவிட்டார். டின்னைக் கண்ணாடிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டுமென்று. பக்கத்தில், வெள்ளி சனியில் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரியே கரைத்துவைத்த போத்தல். நான் மட்டும் குறைந்தவளா? சுடுதண்ணிப் போத்தல் நிறையக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அத்தனை தாய்மாருக்கும் முன்னால் ஊட்டிக் காட்டவேண்டும், மதினியின் முகம் கறுக்க வேண்டும். அதுதான் என் நிய்யத்து.

மிட்வைஃப் மிஸ் பிள்ளையைத் தராசில் வைத்தார். கிளினிக் கொப்பியில் புள்ளி வைத்தார். இரண்டு மாதமாக ஏறவேண்டிய கோடு பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடந்தது.

"என்ன குடுக்கிறீங்க?"

நானும் மதினியும் ஒரே மூச்சில் கதைத்தோம். நான் டின்னைக் குறை சொன்னேன், அவர் மாவைக் குறை சொன்னார். மிஸ் கை காட்டி நிறுத்தினார். முதலில் மதினியின் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சூப்பியின் ஓட்டை ஊசியைச் சுடவைத்துப் பெரிதாக்கியிருந்தது.

"ஒரு போத்தல் தண்ணிக்கு எத்தின கரண்டி போட்டீங்க?"

மதினி விரலால் இரண்டு என்று காட்டினார். எனக்கு உள்ளே பெருநாள். மறுகா மிஸ் என் கஞ்சியை ஒரு கரண்டியில் ஊற்றி, கரண்டியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நிலத்தில் ஓடியது.

"கரண்டியக் கவுத்தாலும் விழக்குடாது தங்கச்சி. இதக் கரண்டில ஏன் குடுக்கிறீங்க, கிளாஸ்ல ஊத்தியே குடுக்கலாமே. நீங்க ரெண்டு பேரும் சேந்து இந்தப் புள்ளைக்குத் தண்ணிதான் குடுத்திரிக்கீங்க."

வரிசையில் இருந்த தாய்மார் எல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாவானாலும் டின்னானாலும் தடிப்பாய்க் காய்ச்சச் சொன்னார் மிஸ். சோற்றோடு முள்ளெடுத்த பாரை மீன், முட்டை மஞ்சட்கரு, பூசணிக்காய், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், எல்லாம் மசித்துக் கொடுக்கச் சொன்னார். டின்னைப் பற்றியும் மாவைப் பற்றியும் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் நாங்கள் அடித்துக்கொண்ட சண்டையை அந்த மனிசி சண்டையாகவே கணக்கெடுக்கவில்லை.

பஸ் தரிப்பில் மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "டின் கெதியா முடிஞ்சிருமெண்டுதான் ரெண்டு கரண்டி போட்டன்கா. அடுத்தது எப்ப வருமெண்டு தெரியா. அல்லாவே, பசியோடயா புள்ள அழுதிச்சி?"

அவர் ஒத்துக்கொண்டார், ராத்தா. நான் வாய் திறக்கவில்லை. ஊரையே நாறடித்த என் வாய் அப்போது எங்கே போனது?

நான் அங்கே மறைத்ததை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். மாவை நான் மூன்று தரம் அரித்தேன். அரிதட்டில் தங்கியதைக் கோழிக்குப் போட்டேன். கஞ்சி காய்ச்சினால் வெள்ளைத் துணியில் வடித்துப் பிழிந்தேன். பிழிந்த சக்கையும் கோழிக்குத்தான். கோழிகள் கொழுத்துத் திரிகின்றன, வந்து பார். ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா? ஒரு பருக்கை அவன் தொண்டையில் அடைத்துவிட்டால்? தாயில்லாப் பிள்ளையைச் சாச்சி கொன்றுவிட்டாள் என்று ஊர் சொன்னால்? நிந்தவூரார் சொன்னால்? நீ கேட்டால்? பயத்தில் வடித்தேன், பெருமைக்குப் படம் எடுத்துப் போட்டேன். அந்த அலுமாரிக்காரியை விட நான் எதில் மேல்?

கிளினிக்கிலிருந்து வந்து, மிச்சமிருந்த கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அதை நான் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு ருசியும் இல்லை. அரிசி ஊறவைத்த தண்ணி போல இருந்தது. இதைத்தான் உன் பிள்ளை நாளுக்கு மூன்று தரம் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு குளறி அழுதேன்.

அதன் பிறகு மீனும் சோறும் மசித்தேன். முதல் நாள் கொஞ்சம் இருமினான், எனக்கு உயிர் போய் வந்தது. மறுகா அவனே வாயைத் திறந்து "ஆ" என்றான். போன கிழமை நிறை பார்த்தார்கள். கோடு ஏறியிருக்கிறது. மச்சான் கொப்பியை விரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மச்சி, புள்ள இஞ்சயே இரிக்கட்டும். நான் பின்னேரத்தில வந்து தீத்துறன்" என்றார். இப்போது தன் கடையை அடைத்துவிட்டு வந்து ஊட்டுகிறார், பாதி அவருடைய சேர்ட்டில்தான் கிடக்கிறது.

மதினியும் வந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "உன்ட மாவில கொஞ்சம் தாகா, அரிக்காதது" என்றார். எங்கள் கோழி கொழுத்ததை அவரும் கவனித்திருக்கிறார் போல. கொடுத்தேன். பைக்குள்ளிருந்து வெறும் டின்னை எடுத்து அதற்குள் கொட்டி மூடினார்! நிந்தவூரில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளை இப்போது எங்கள் சிவப்பரிசியைத் தின்று சிரிக்கிறான். குறை சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

நீ இருந்திருந்தால் எதை ஊட்டியிருப்பாய் என்று இத்தனை நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். டின்னா, மாவா? அது இன்னும் எனக்குத் தெரியாது. எப்படி ஊட்டியிருப்பாய் என்பது மட்டும் தெரியும். சுடுகிறதா, உப்பு இருக்கிறதா, முள் கிடக்கிறதா என்று பார்க்கத்தானே என் முதல் வாயை நீ தின்றாய்? அதைப் போய்க் களவு என்று உம்மாவிடம் கோள் சொல்லி, உனக்கு அடியும் வாங்கித் தந்தேனே. என்னை மாப்பாக்கு, ராத்தா.

இனி உன் மகனுக்கு எதை ஊட்டினாலும் முதல் வாய் என்னுடையது. பெரியவனாகி, சாச்சி என் சோற்றைக் களவெடுத்தா என்று அவன் ஊர் கேட்கக் குளறினாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் சோற்றுக் களவில் வளர்ந்த தங்கச்சி,
ஆதிலின் சாச்சி.