ஏரோப்ளேன் மைதானத்து இரும்பு

ஜூன் 8, 2025 ஞாயிறு

இன்று மீன் இல்லை. அம்மன் இடத்தில் மண் வெட்டும் நாளில் வீட்டில் கவிச்சி கூடாதாம். அலமு அக்காவின் சட்டம். ஓரகத்தி என்றால் பாதி மாமியார் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஓரிக்கையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் எங்கள் நிலம். அதை ஒட்டி ஏரோப்ளேன் மைதானம். சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கிய இடம், இப்போது முள்ளும் ஆடும்தான். நிலத்து ஓரத்தில் குடும்ப அம்மன் கோயில். அதற்குப் பெரிய மாமா சுற்றுச்சுவர் கட்டுகிறார். என் கணவரின் அண்ணன், அலமு அக்காவின் புருஷன், மாணிக்கவேல். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டியதில் ஏழெட்டு உலோகத் துண்டுகள் கிடைத்தன. ஒன்று அலுமினியத் தகடு. மண் அப்பிய உள்பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, பிறகு எண்கள்.

பாலிடெக்னிக்கில் ஃபிட்டிங் ஷாப்பில் பசங்களுக்கு இரும்பு வேலை சொல்லிக்கொடுக்கிறவள் நான். இது கலப்பைத் துண்டு இல்லை. சுரண்டிப் பார்ப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கொல்லையில் வைத்திருக்கிறேன். காலையில் ஈரத்துணி போட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

அழித்துவிட்டாள்.

எல்லாத் துண்டும் பளபளவென்று வெயிலில் காய்கிறது. அம்மன் மண்ணிலிருந்து எது வந்தாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் வைத்த பிறகுதான் வாசற்படி தாண்ட வேண்டும். இந்த வீட்டு வழக்கம். விடியற்காலையிலேயே தேங்காய் நாரால் தேய்த்து முடித்திருக்கிறாள். எழுத்து இருந்த இடத்தில் குங்குமப் பொட்டு.

"அதுல நம்பர் இருந்துது அக்கா."

"அழுக்கு இருந்துது. தேச்சேன்."

எந்த விமானம், யார் ஓட்டியது என்று அந்த ஒரு நம்பர் சொல்லியிருக்கும். கத்தினேன். "காலேஜுல போய் கத்து, பசங்க பயப்படுவாங்க" என்றாள்.

ஜூன் 10

அவள் போட்ட காபியைக் குடிக்கவில்லை. தப்பு அவளுடையது, தலைவலி மட்டும் எனக்கா?

ஜூன் 14, சனி

இரும்பெல்லாம் சாமியாகிவிட்டது. பெரிய மாமா பிள்ளையார்பாளையத்தில் அரக்குப் பட்டு வாங்கிவந்து துண்டுகளைச் சுற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். ரோட்டில் ஃப்ளெக்ஸ் — 'அம்மன் ஆயுதம் வெளிப்பட்டது'. அம்மன் படத்தைவிட அவர் படம் பெரிசு. அம்மனே வந்து கேட்டால்தான் உண்டு.

ஜூன் 19, வியாழன்

யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு குழாயைப் பட்டிலிருந்து உருவி அளந்தேன். உருண்டை எஃகுக் குழாய். முனையில் மட்டும் சதுரமாக்கி, இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் போட்டிருக்கிறது. வெல்டிங் இல்லை. இப்படிச் செய்த சண்டை விமானம் எது என்று உடனே பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஹரிக்கேன். ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுவது.

இவரிடம், என் கணவர் தினகரனிடம், காட்டினேன். "சரி, ஏரோப்ளேன்தான். அதுக்கு இன்னா இப்போ? அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாத." தினகரன் பயப்படாத ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

ஜூன் 27, வெள்ளி

கொத்தனார் முனிரத்தினம் போன் செய்தார். "நீங்க ஒரு தபா வந்து பாருங்கம்மா" என்றார். கடக்கால் மூலையில், இடுப்பளவு ஆழத்தில், ஒரு ஷூ. தோல் மட்கி அடிப்பாகம் மட்டும். அதில் எலும்பு. கால் விரல்களின் எலும்பு — அது எனக்குத் தெரியாதா?

பெரிய மாமா வந்து எட்டிப் பார்த்தார். "நாய் எலும்பு. மூடு."

"நாய் ஷூ போடுமா மாமா?"

என்னைப் பார்க்கவே இல்லை. "மூடுப்பா" என்று கொத்தனாரிடம் சொன்னார். மூடிவிட்டார்கள். அதே இடத்தில் பொங்கல் மேடை கட்டுவதாம்.

ஜூன் 28, சனி

பெரிய மாமாவைக் கூடத்தில் வைத்துக் கேட்டேன். அலமு அக்கா மாவு மில்லுக்குப் போயிருந்தாள்.

"போலீஸு, மிலிட்டரின்னு வந்தா இடத்த அளப்பான், கோயில பூட்டுவான். ஆடிக்கு எங்க போய் கூழ் ஊத்துறது? எம்பது வருசமா கம்முனுதான இருக்கிறான் அவன்? இருந்துட்டுப் போட்டும்" என்றார். ஆக, நாய் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"அவனைத் தேடிக்கினு ஒரு அம்மா இருந்திருப்பாளே மாமா."

"அவளும் செத்திருப்பா."

மகன் விழுந்த இடம் தெரியாமலே செத்திருப்பாள், அதைச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாப் பதிலும் எனக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் வரும்.

ஜூலை 5, சனி

போலீஸுக்கு மனு எழுதினேன். கூடவே சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும். முனிரத்தினம் போனை எடுப்பதில்லை. "ஆடி முடியட்டும்" என்கிறார் இவர். மேலே மேடை கட்டிவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள்? குழிக்குள் இருக்கிறவனை மறுபடி புதைக்கிறார்கள், நான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 7

மனு எழுதியது தெரிந்து அடுப்பு பிரிந்தது, இனி தனித்தனிச் சமையல். அலமு அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். நிம்மதி என்றுதான் எழுத நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

தெருக்குழாயில் பத்துப் பெண்களுக்கு நடுவில் அலமு அக்கா சொல்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றே. "சாமியப் பாத்து இரும்புன்னு சொல்ற பொம்பள எங்கூட்ல இருக்குது. நாய் எலும்புக்குக் கண்ணு கலங்குது."

குடத்தை இறக்கி வைத்தேன். "நாய் இல்ல. ஆம்பள. நீ பொங்க வெக்கிற மேடைக்கு அடியில பொணம் இருக்குது அக்கா. உன் புருசனுக்கே தெரியும், போய்க் கேளு. நல்லா பொங்கட்டும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. வழியெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அசிங்கமான சந்தோஷம். இருக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

நம்ப முடியவில்லை.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு நேராக நிலத்துக்குப் போயிருக்கிறாள். அம்மன் எதிரில் கற்பூரம் ஏற்றி, முனிரத்தினத்தை அதன்மேல் அடித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அவர் அழுதுவிட்டாராம். திரும்பி வந்து பொங்கல் பானையைக் கூடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"தீட்டு மேல பொங்க வெக்க மாட்டேன். இந்தத் தெருவுல ஒருத்தியும் வெக்க மாட்டா. அவன எடுத்து அனுப்பு."

பெரிய மாமா நாற்காலியை எட்டி உதைத்தார். "நீயும் அவளும் ஒண்ணு சேந்துக்கினீங்களா?"

"அவளாண்ட எனக்குப் பேச்சே இல்ல."

சாயங்காலம் அவரே போலீஸுக்குப் போன் செய்தார். ஒரு மனுஷனுக்காக இத்தனை நாள் கெஞ்சினேன், ஒருத்தரும் அசையவில்லை. தீட்டு என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் நடக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

எடுத்தார்கள். போலீஸ், தாசில்தார், விமானப்படையிலிருந்து ஓர் அதிகாரி. முழங்காலை மடித்தபடி கிடந்தான். சின்ன உடம்பு.

அதிகாரி பட்டுத் துணியை அவிழ்த்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். ஹரிக்கேன்தான் என்றார். அலுமினியத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை இப்படித் தேய்த்தது யார்?" என்று கேட்டார்.

"இவங்கதான்" என்று அலமு அக்காவைக் காட்டினேன். ஊர் முழுக்கப் பார்த்தது.

ஜூலை 29, செவ்வாய்

அதிகாரி போன் செய்தார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் பறந்து காணாமல் போன ஹரிக்கேன்கள் நான்காம். நம்பர் இல்லாமல் இவன் அவர்களில் யார் என்று சொல்ல முடியாது. எலும்புப் பரிசோதனைக்கு வருஷக்கணக்காகும், அப்போதும் உறுதியில்லை. நான்கு பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

திரும்பினால் வாசற்படியில் அலமு அக்கா. "பேரு இன்னாவாம்?"

மூன்று வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எதற்கு என்றேன்.

"கெளப்பிட்டோம். காரியம் பண்ணலன்னா தீட்டு போவாது. பேரு இல்லாம எப்பிடிப் படைக்கிறது?"

"பேரு இல்ல. நாலு பேருல ஒருத்தன். நம்பர் இருந்திருந்தா யாருன்னு தெரிஞ்சிருக்கும்."

உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். உறைத்தது. சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

எடுத்த பதினாறாம் நாள். குழி இருந்த இடத்தில் படையல். பெரிய மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், இவர்தான் சட்டையைக் கழற்றிவிட்டு எள்ளும் தண்ணீரும் விட்டார். அலமு அக்கா நான்கு இலை போட்டாள். நான்கிலும் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, ஒரு குறையில்லாமல்.

"படி" என்றாள் என்னைப் பார்த்து.

படித்தேன். ஹார்ட்லி. மெக்கே. பிரார். ட்வைட். ஒவ்வொரு பெயரையும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சரியாக வரவில்லை, மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

காக்கை வந்து மூன்றாவது இலையில் வாய் வைத்தது. "அவன்தான், ஏத்துக்கினான். கெளம்புங்க" என்று பெரிய மாமா எழுந்தார்.

"மத்த மூணு பேரு?" என்றாள் அவள்.

நகரவில்லை. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். இவர் ஆற்றுப் பக்கம் நடந்தார். முதல் இலைக்கும் இரண்டாவதுக்கும் சீக்கிரமே காக்கைகள் வந்துவிட்டன. நான்காவது இலையை ஒரு காக்கையும் தொடவில்லை. ட்வைட்டினுடையது. பக்கத்தில் போய் அந்தப் பெயரைச் சத்தமாக ஒருமுறை சொன்னேன்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகுதான் அதற்கும் ஒரு காக்கை வந்தது. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.