எலுமிச்சை காட்டிக்கொடுத்த கிரிஸ்

ஏப்ரல் 12, ஞாயிறு

புக்கிட் பெலண்டோக் தோட்டத்து முனீஸ்வரன் கோயில் கத்தியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை பார்க்கச் சொன்னார் கோயில் தலைவி லெட்சுமி அக்கா. நெளிநெளியான மலாய் கிரிஸ், முழுக்கத் துரு. சுற்றுலாக் கடைப் போலி என்றே நினைத்தேன். ஆனால் முனை மட்டும் பளிச்சென்றிருந்தது. வெள்ளிதோறும் அங்கேதான் எலுமிச்சம்பழம் குத்துவார்களாம். அந்தச் சாறு துருவைத் தின்று, இரும்பை மடித்து மடித்து அடித்த அசல் கிரிஸில் இருக்கும் கோலத்தை வெளியே கொண்டுவந்திருக்கிறது. நான் என் பழம்பொருள் கடையில் செய்வதும் இதே எலுமிச்சை வைத்தியம்தான்.

“அசல்க்கா! எனக்கே குடுத்துருங்க லா.”

“ஆசையப் பாரு தம்பிக்கு! இனி இது எங்கயும் போகாது. சாமி கத்தி. சுத்தம் பண்ணிக் கொண்டாந்து வை.”

விலைக்கு வராத பொருளுக்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. குளியலறையில் சாற்றில் ஊறுகிறது. கோலம் பாதிவரை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.