கரண்டி இருக்கும் இழுப்பறை

கர்த்தருக்குள் என் பிரியமான கணவருக்கு,

ஷ்ராப்ஷயரின் மேய்ச்சல் நிலத்தோரம் நீங்கள் அந்தக் கேரவனை வாங்கியபோது, சக்கரம் இருந்தும் நகராத வீடு நமக்கெதற்கு என்று கேட்டேன். ஆபிரகாமும் கூடாரத்தில்தானே குடியிருந்தான் என்றீர்கள். அவன் தன் மனைவி சாராளையும் உடன் அழைத்துச் சென்றான் என்பதை நான் நினைவூட்டவில்லை. ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க வேறு ஆளில்லை என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

சென்ற செவ்வாயன்று உங்களைக் காண வந்தபோது, செம்மறிகள் வேலிவரை வந்து மேய்வது கண்ணுக்கு இதமாகவே இருந்தது. அடுத்த கேரவனின் மேவிஸ் அம்மையார் ஆப்பிள் கேக் கொண்டுவந்ததும் நல்ல மனத்தின் அடையாளமே.

"நீங்க உக்காருங்கம்மா, விருந்தாளி வேலை செய்யலாமா?" என்று என்னிடம் சொன்னார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "என்னய்யா ஹியூபர்ட், வழக்கம்போல டீக்கு ரெண்டு கரண்டி சர்க்கரைதானே?" என்றபடியே, பாராமல் சரியான இழுப்பறையைத் திறந்து கரண்டியை எடுத்தார். நீங்கள் சிரித்தீர்கள்.

நம் வீட்டில் நீங்கள் சர்க்கரையைத் தொட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன.

பிறருக்குரியதை இச்சிக்கலாகாது என்று பத்துக் கட்டளைகளின் கற்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. வீடும் எருதும் கழுதையும் அதில் உண்டு. கரண்டியைப் பற்றி ஏதேனும் உண்டா என்று ஞாயிறு ஆராதனை முழுவதும் யோசித்தேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

ஆர்கனைப் போதகரின் மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். சனிக்கிழமை பெட்டியுடன் வருகிறேன், தங்குவதற்கு. அதற்குள் கரண்டிகளை வேறோர் இழுப்பறைக்கு மாற்றிவையுங்கள். எந்த இழுப்பறை என்பதை எனக்கு மட்டும் எழுதுங்கள்.

விருந்தாளியல்லாத,
உங்கள் மனைவி