காதில் வைத்த திருப்புளி

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் பாண்டியம்மாளின் பட்டு பிளவுஸை வெட்டினேன். பதினொரு மணி இருக்கும், எதிரே என் வீட்டுக்காரரின் மெக்கானிக் ஷெட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. டீசல் வண்டி, தொண்ணூற்றேழு மாடல். ஓட்டி வந்தது ஒரு பெண். என் தையல் மெஷின் ஜன்னலோரம், ஜன்னலுக்கு நேரே ஷெட். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண்ணில் படும்.

என்ஜினில் ஏதோ தட்டுகிறது என்று வந்திருக்கிறாள். எனக்கு இங்கிருந்தே கேட்டது, டக் டக் டக் என்று. அவர் போனட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

பெயர் சுந்தரேஸ்வரி. எப்போதும்வென்றான் ஊரில் நாற்பது ஏக்கர் கரிசல் நிலம். அப்பா தவறிய பிறகு இவள்தான் விவசாயம் பார்க்கிறாள். புருஷனோடு இல்லை. இதெல்லாம் பாண்டியம்மாள் சொல்லித்தான் தெரியும், நானாகக் கேட்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

வெள்ளை வண்டி இன்னும் இங்கேயேதான் நிற்கிறது. ஏன்?

எப்பேர்ப்பட்ட சத்தமானாலும் இவருக்கு ஐந்து நிமிஷ வேலை. என்ஜினை ஓடவிட்டு, திருகாணி முடுக்குகிற நீளத் திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைப்பார். அடியில் பேரிங் தேய்ந்திருக்கிறதா, மேலே டீசல் அடிக்கிற நாசில் கெட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கயத்தாறிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் இந்தக் காதுக்காகத்தான் வண்டிகள் வருகின்றன. தேவஆசீர்வாதம் தொட்டுச் சொன்னால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு மூன்று நாளாகத் தட்டுகிற இடம் தெரியவில்லையாம்.

மத்தியானம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். போனட்டுக்குள் இரண்டு தலையும். அவர் திருப்புளியை என்ஜினில் ஊன்றினார். பிடியைத் தன் காதில் வைக்கவில்லை. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் காதில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தைத்த தையல் கோணிவிட்டது. பிரித்துத் தைத்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் திருப்புளியை அவர் என் காதில் வைத்ததில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

நேற்று முழுக்க யோசித்தேன். இது இப்போது ஆரம்பித்த விஷயம் இல்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒன்று, போன். மணி அடித்தால் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுகிறார். முன்பெல்லாம் இங்கேயே நின்று பேசுவார். அஞ்சலின் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டால் மட்டும் "நீயே பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுகிறார். பெற்ற மகளிடம் பேசக்கூட மனசில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டால், நான் என்னவோ சண்டைக்கு வந்த மாதிரி ஒரு பார்வை. மாரிசெல்வம் இவரிடம் வேலையை விட்டுவிட்டுக் கயத்தாறில் தனி ஷெட் போட்டதிலிருந்து முகமே சரியில்லை, அந்தக் கவலையாக்கும் என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். பைத்தியக்காரி.

இன்றும் வந்தாள். இவரை அண்ணாச்சி என்கிறாள். அதனால் என்ன? இந்த ஊரில் பலசரக்குக் கடைக்காரரும் அண்ணாச்சிதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயில் ஆராதனையில் இவர் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். என் பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை. பாடவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நான் இவரை முதலில் கவனித்ததே பாட்டுக்காகத்தான். சபையே திரும்பிப் பார்க்கிற கட்டைக் குரல். இப்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறார்.

மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஜெபத்தில் நான் என்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். நல்லது ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

கொழுப்பைப் பாருங்கள். அவள் என்னிடமே பிளவுஸ் தைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். மயில் கழுத்து நிறம்.

"மதினி, விதைப்புக்கு முந்தி ஒரு கல்யாணம் இருக்கு. வண்டிய வாங்க வரும்போது இதையும் வாங்கிக்கிடுதேன்."

அளவு எடுத்தேன். என் கையாலேயே. இடுப்பு என்னைவிட நான்கு இஞ்ச் குறைவு. கழுத்துக்குப் பின்னால் ஒரு மச்சம். வெயிலில் அலைகிறவளுக்கு முகம் கறுத்திருந்தாலும் தோள் வழவழவென்று இருந்தது. நோட்டில் எண்களை எழுதும்போது பென்சில் முனை முறிந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

வண்டியை ஓட்டிப் பார்க்கிறோம் என்று இரண்டு பேரும் எட்டயபுரம் சாலையில் போனார்கள். திரும்பி வர முக்கால் மணி நேரம். இந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

வந்ததும் சொன்னார், வெள்ளிக்கிழமை என்ஜினை இறக்கிப் பிரிக்கப்போகிறாராம். அடியில் பேரிங் போயிருக்குமாம். அப்படிப் பிரித்தால் மாதக் கணக்காகும். அவளுக்குத் தினமும் வந்து போக ஒரு சாக்கு.

"அடியிலயா? சத்தம் மேலதான வருது" என்றேன். ஆமாம், எனக்கு அப்படித்தான் கேட்கிறது. ஊசி முனை மழுங்கினால் என் மெஷின் இப்படித்தான் டப் டப் என்று சொல்லும். அடியில் அடி விழுந்தால் தொம் என்று கேட்க வேண்டாமா?

"நீ ஒம் மெஷினைப் பாரு" என்றார்.

நானும் என் மெஷினைப் பார்த்தேன். மயில் கழுத்து பிளவுஸின் கைக்குழியை இரண்டு பக்கமும் அரை இஞ்ச் இறுக்கித் தைத்தேன். போட்டுக்கொண்டு கையைத் தூக்கட்டும் பார்ப்போம். தூக்கவே முடியக் கூடாது. திருப்புளியும் பிடிக்க முடியக் கூடாது.

செப்டம்பர் 19, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்தாள். பிளவுஸைப் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்க முடியவில்லை. துணி சுருங்கியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். அவளும் நம்பின மாதிரிதான் தலையாட்டினாள். கழற்றிக் கொடுத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. அண்ணாச்சிக்குக் காது கேக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன்! ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

அவள் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தானாம். எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்தே சமாளித்துக்கொள்வார்களாம். இவர் அவளிடம் திருப்புளியைக் கொடுத்து, ஒங்க வண்டிச் சத்தம் ஒங்களுக்குத் தெரியணும், எப்படிக் கேக்குதுன்னு சொல்லுங்க என்று மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். அவளுக்கு என்ஜின் சத்தத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காரில் போகும்போதும் அதேதான், வெளிச் சத்தம் வரக் கூடாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு. எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றாளாம். எனக்கும் அப்படித்தான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"பிரிக்க வேண்டாம்னு நான் சொன்னா அவியளுக்குக் கஷ்டமா இருக்கும். நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவள் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவர்மேல் இரக்கப்பட்டு என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. பத்தே நாளில் அவ கண்டுபிடிச்சிட்டா. நான் கூடவே கெடந்து என்னத்தப் பார்த்தேன்? சோறு போட்டு, துணி துவைச்சு, அந்த மொகத்துல எவ இருக்கான்னு தேடினேனே, அந்தக் காது என்னாச்சுன்னு பாத்தேனா?

போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனது ஸ்பீக்கரில் போட்டுப் பேச. அஞ்சலினின் மெல்லிய குரல் ஸ்பீக்கரிலும் பிடிபட்டிருக்காது. கோயிலில் உட்கார்ந்ததுகூட ஸ்பீக்கர் பக்கம்தான். மாரிசெல்வம் இருந்தவரை அவன் கேட்டுச் சொல்லியிருப்பான்.

மத்தியானம் சாப்பிட வந்தார். முதுகுப் பக்கம் நின்று, எப்போதும் பேசுகிற குரலில், "ஏங்க, குழம்பு ஊத்தட்டா?" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னேன். பிசைந்துகொண்டே இருந்தார்.

செப்டம்பர் 20, வெள்ளி

என்ஜினை இறக்கச் சங்கிலி கட்டிவிட்டார். நான் போனேன். இந்த ஷெட்டுக்குள் சாப்பாட்டுத் தூக்கோடு தவிர நான் போனதே இல்லை. பெஞ்சில் கிடந்த திருப்புளியை எடுத்தேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். என்னையே பார்த்தார். அப்புறம் போய்ச் சாவியைத் திருப்பினார்.

அடியில் ஊன்றினேன். கும்மென்று ஒரே சத்தம், தட்டல் இல்லை. மேலே முதல் நாசில், ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வைத்ததும் மண்டைக்குள்ளேயே ஊசி இறங்கின மாதிரி டக் டக் டக். விரலால் காட்டினேன். நான்காவதையும் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். அதில் இல்லை.

மூன்றாவது நாசிலுக்கு டீசல் போகிற குழாயின் நட்டை ஸ்பேனரால் லேசாக இளக்கினார். டீசல் வெளியே கசிந்தது. அந்த நொடியே தட்டல் நின்றது. என்ஜின் கொஞ்சம் நொண்டினாலும் அந்த டக் டக் இல்லை. பதினொரு நாளாக என் மண்டையைக் குடைந்த சத்தம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுட்டா?" என்றார்.

நின்னுட்டு என்று தலையாட்டினேன்.

வண்டியை அணைத்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்தார். ஒரு வருஷமாக இப்படியாம். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் எல்லாம் ஒரே இரைச்சல். ஊருக்குத் தெரிந்தால் ஒரு வண்டி வராது என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரிஞ்சா நீயும் எங்கிட்ட கத்திப் பேச ஆரம்பிச்சிருவ" என்றார்.

நான் சந்தேகப்பட்டதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னால் பாண்டியம்மாள் வீடுவரை கேட்கும். சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

மயில் கழுத்து பிளவுஸைப் பிரித்துச் சரியாகத் தைத்தேன். உள்ளே ஓரத் துணி போதுமான அளவு இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் அந்த நாசிலைப் போட்டுப் பார்த்தார்களாம். புகை மாதிரி பீய்ச்ச வேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக ஒழுகியதாம். மாற்றியாயிற்று. சுந்தரேஸ்வரி வண்டியை எடுத்துப் போனாள். பிளவுஸ் அளவெடுத்த மாதிரி இருக்கிறது என்றாள். அளவெடுத்துத்தானே தைத்தேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை. என்னை முந்திக்கொண்டு கண்டுபிடித்தவள்தானே.

அக்டோபர் 5, சனி

திருநெல்வேலியில் காது டாக்டர். வருஷக் கணக்காகச் சத்தத்திலேயே நின்றதால் வந்ததாம். போனது திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். மூன்று வாரத்தில் வரும்.

பஸ்ஸில் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து வந்தேன். இந்த இரண்டு வாரத்தில் ஏழு வண்டிக்கு நான்தான் திருப்புளி வைத்தேன். அண்ணாச்சி சம்சாரத்துக்கும் வேலை சொல்லிக்கொடுக்கிறார் என்று ஊரில் பேச்சு. பேசட்டும். காது மெஷின் வந்துவிட்டால் திருப்புளி மறுபடி அவர் காதுக்கே போய்விடும். நல்லதுதான். நல்லதுதானே? இன்னும் கண்ணால் பார்க்காத அந்த மெஷின்மேலும் எரிச்சலாக இருக்கிறது. நான் திருந்த மாட்டேன்.

அக்டோபர் 26, சனி

மழை பிடித்துக்கொண்டது. எப்போதும்வென்றான் பக்கமெல்லாம் விதைப்பு முடிந்திருக்கும்.

காது மெஷின் வந்துவிட்டது. காலையில் மாட்டிக்கொண்டு அஞ்சலினிடம் பத்து நிமிஷம் பேசினார். பிறகு ஷெட்டுக்குப் போனார். ஒரு டீசல் வேன் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்தேன், பார்க்காமல் எப்படி இருப்பது? திருப்புளியை ஊன்றிக் குனிந்தார். நானும் துணியில் கண்ணை வைத்துக்கொண்டேன், இனி நமக்கு அங்கே வேலையில்லை என்று.

கொஞ்ச நேரத்தில் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, "ஏட்டி வினோலியா, இங்கன வா. இது வீட்டுப் பேச்சுக்குத்தான் லாயக்கு, ஷெட்டுக்குள்ள விசில் அடிக்கி" என்றார்.

அது உண்மையிலேயே விசில் அடித்ததா என்று நான் கேட்கவில்லை. ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து போனேன்.