கவிழ்ந்தோர் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கிளப் இதழுக்கு இந்த முறையும் யாரும் எதுவும் எழுதித் தரவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி மட்டும் ஒரு கவிதை அனுப்பியிருக்கிறார். அதில் ஏரி அவரைப் பார்த்துச் சிரிக்கிறதாம். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆளாளுக்குப் படகு வைத்திருக்கிறார்கள், ஆளாளுக்கு இதழில் படம் வர வேண்டும், நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கை வலி. ஆசிரியர் என்று என் பெயரைப் போட்டுவிட்டுக் கைகழுவிவிட்டார்கள்.

பகல் முழுக்க ஓட்டுநர் பள்ளியில் "பிரேக், பிரேக்" என்று கத்திவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துப் பந்தய முடிவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதலிடம், அக்காவின் படகு. அப்படி எழுதவே கை வரவில்லை. அதில் பாதி என்னுடையது. இருவர் ஏறும் சின்னப் பாய்ப்படகு அது. பதினோரு வருடம் அவள் பின்னால் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடித்தாள், நான் முன்னால் உட்கார்ந்து முன்பாயின் கயிற்றைப் பிடித்தேன். இப்போதும் இருவர்தான் ஏறுகிறார்கள். இரண்டாவது ஆள் ஒரு பல் டாக்டர்.

மார்ச் 5, புதன்

நடந்ததை ஒருமுறை எழுதிவிட்டால் மனசு ஆறுமா? பார்ப்போம்.

ஜனவரி கடைசி ஞாயிறு. படகுத்துறையில் வண்டியிலிருந்து படகை இறக்கிக்கொண்டிருந்தோம். சுற்றி ஏழெட்டுப் பேர். அக்கா கணக்கு டீச்சர். எதையும் கூட்டிக் கழித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். "இந்த சீசன் நான் டாக்டரோட போறேன். நீ ரொம்ப கத்துற. காத்து வர்றதுக்கு முன்னாடியே கத்துற. என்னால யோசிக்க முடியல."

அவ்வளவுதான். டாக்டர் என் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். நான் மிதவை ஜாக்கெட்டைப் போட்டு, கிளிப்கூட மாட்டியிருந்தேன். அதைக் கழற்றுவதற்குள் செத்துவிடலாம் போலிருந்தது. ஏன், வீட்ல வச்சு சொல்லக் கூடாதா? ஒரு ஃபோன் பண்ணிச் சொல்ல முடியாதா? இத்தனை பேரக் கூட்டி வச்சுதான் சொல்லணுமா?

முன்பாயைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எப்போதும் அதைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைப்பவள் நான்தான். படகில் என் பாதி எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்கே வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"மேடம், அந்த முன்பாய்... அக்கா கேட்டாங்க."

"ஏன், அவங்களுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு மேடம். அவங்க கேக்க மாட்டாங்களாம். அதான் நான்."

பாவமாகத்தான் இருந்தது. கொடுக்கவில்லை. யாரிடமோ கடன் வாங்கிய பழைய பாயை வைத்துத்தான் இவ்வளவு நாளும் ஓட்டுகிறார்களாம். நன்றாகப் பறக்கட்டும்.

மார்ச் 12, புதன்

அட்டைப்படம் முடிவாகிவிட்டது. அக்காவும் டாக்டரும் ஜெயித்து வரும் படம்தான் இருப்பதிலேயே நல்ல படம், அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் படத்தை எங்கே வெட்டுவது என்பது ஆசிரியரின் உரிமை. டாக்டர் முழுசாக இருக்கிறார், பல்லெல்லாம் தெரிகிறது. அக்கா இருந்த பக்கத்தை நறுக்கிவிட்டேன். சுக்கானைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் மிச்சம்.

அச்சகத்துக்காரர் மாதிரியைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். "மேடம், ஓரத்துல ஒரு கை வருதே, அது யாரோடது?"

"அது முக்கியமில்லங்க."

இன்று முழுக்க நல்ல மனநிலை.

மார்ச் 16, ஞாயிறு

கவிழ்ந்தோர் பக்கம் இன்னும் காலி. இந்த இதழைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மூன்று மாதத்தில் யாருடைய படகு கவிழ்ந்ததோ அவர் தன் கையால் எழுத வேண்டும். ஆசிரியர் அதில் ஒரு சொல்லைக்கூடத் தொடக்கூடாது. கடைசி வரியில் தவறு யாருடையது என்று சொல்லியே ஆகவேண்டும். கிளப்பில் மற்ற விதிகளை எல்லோரும் காற்றில் பறக்கவிடுவார்கள். இதை மட்டும் தலைவர்கூட மீறியதில்லை. போன வருடம் அவரே கவிழ்ந்து, "தவறு: என்னுடைய தொப்பை" என்று எழுதிக் கொடுத்தார்.

இந்தச் சீசனில் ஒருவரும் கவிழவில்லை. அக்கா எந்தச் சீசனிலும் கவிழ்ந்ததில்லை. அந்தப் பக்கத்தில் அவள் பெயர் வந்ததே கிடையாது. அதை எல்லோரிடமும் சொல்லிக்காட்டுவாள். அந்தப் பதினோரு வருடமும் படகில் நானும் இருந்தேன் என்பதைச் சொல்ல மாட்டாள்.

அடுத்த ஞாயிறு கேமராவோடு போகப் போகிறேன். கவிழட்டும். ஒரே ஒரு தடவை கவிழட்டும். படம் நான் எடுக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

அம்மாவின் ஃபோன். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல இங்க வராதீங்கடி. ஒருத்தி இந்தச் சுவத்தப் பாக்கறா, இன்னொருத்தி அந்தச் சுவத்தப் பாக்கறா. எனக்குப் பேசறதுக்கு ஆள் இல்ல."

"அவளுக்கு நான் பேசினா பிடிக்காதும்மா."

"அவ காலைல வந்தா. நீ சாப்டியான்னு கேட்டா."

"என்னையா?"

"இல்ல, என்னைத்தான். உன்னப் பத்தியும் கேக்கப்போறான்னு நினைச்சேன். கேக்கல."

அம்மாவுக்கு ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

எழுதியே விடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். எனக்குப் படகு வேண்டாம், கோப்பை வேண்டாம். அந்த முன் இருக்கை வேண்டும். பின்னால் அவள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கயிறு பிடித்தே பழகிய கை.

ஆனால் நானாகப் போய் நிற்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

கவிழ்ந்தார்கள்.

முதலிலிருந்து எழுதுகிறேன். படகுத்துறையின் கோடியில் கேமராவோடு நின்றேன். பக்கத்தில் நீதிபதியும் தலைவரும். அக்காவின் படகு தூரத்து மிதவையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. கடன் வாங்கிய முன்பாய் தொளதொளவென்று. லென்ஸில் அவள் முகம்கூடத் தெரிந்தது. அண்ணாந்து பெரிய பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியை யாரும் பார்க்கவில்லை.

அவர்களுக்கு வலப்பக்கம் தண்ணீர் கறுத்தது. காற்று கீழே இறங்கினால் தண்ணீர் அப்படித்தான் கறுக்கும். அது படகை நோக்கி ஓடி வந்தது. இதைத்தானே வேண்டிக்கொண்டு வந்தேன்? விரல் பட்டன் மேல்தான் இருந்தது.

"அக்கா! வலப்பக்கம்! கயித்த விடு! அக்கா, விடூ...!"

கத்தியது நான்தான். கேமரா எப்போது கழுத்தில் தொங்க ஆரம்பித்தது என்று தெரியாது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, துறையின் கடைசிப் பலகையில் நின்று கத்தியிருக்கிறேன். நீதிபதி என் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து. படகு சாய்ந்தது, சாய்ந்தது, பாய் தண்ணீரில் படுத்துவிட்டது.

ஒரு தலை மேலே வந்தது. டாக்டர். அடுத்த தலை வருவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. வந்தது. திரும்பிக் கரையைப் பார்த்தது.

அவர்கள் படகை நிமிர்த்தி ஏறும்வரை நின்றுவிட்டு, நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கேமராவில் ஒரு படம்கூட இல்லை.

மார்ச் 27, வியாழன்

சனிக்கிழமைக்குள் எல்லாப் பக்கமும் வேண்டும் என்கிறார் அச்சகத்துக்காரர். விதி விதிதானே. அக்காவுக்கு எழுதினேன். "மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு, கவிழ்ந்தோர் பக்கத்துக்கான தங்கள் குறிப்பை விரைவில் அனுப்பவும். இப்படிக்கு, ஆசிரியர்."

பதில் உடனே வந்தது. "மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வரும்."

திமிர் பிடித்தவள்.

மார்ச் 29, சனி

வந்துவிட்டது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"மிதவையைத் தாண்டியதும் காற்று வலப்பக்கமிருந்து வந்தது. நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியைப் பார்க்கவில்லை. பதினோரு வருடமாக எனக்கு அந்த வேலை இருந்ததில்லை. முன்னால் இருந்தவர் பார்த்துக் கத்துவார், நான் பாயின் கயிற்றை விடுவேன், படகு நிமிர்ந்துவிடும். டாக்டர் நல்ல மனிதர், கத்த மாட்டார். கரையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியும். தூரம் அதிகம், கேட்டபோது பாதி சாய்ந்திருந்தோம். முன்பாய் கடன் வாங்கியது. எங்கள் முன்பாய் ஒருவருடைய கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தவறு: சுக்கான் பிடித்தவருடையது."

கட்டிலுக்கு அடியிலாம்! கவிழ்ந்தது நீ, ஊர் சிரிக்கப்போவது என் கட்டிலைப் பார்த்தா? அம்மாதான் போட்டுக்கொடுத்திருக்கிறாள். அப்புறம் அந்தக் கரைச் சத்தம். அதை எழுதச் சொல்லி யார் கேட்டது? நான் கத்தவே இல்லை என்று சாதித்துவிடலாம் என்றிருந்தேன். நீதிபதியும் தலைவரும் மட்டும்தான் பார்த்தார்கள், அவர்களை ஃபோனில் மிரட்டி வைத்திருந்தேன்.

இரண்டு வரி. இரண்டே வரியை எடுத்துவிட்டால் மானம் தப்பும். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும். அது போதும், ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

ராட்சசி, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வராத வரி. அழுகையும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மார்ச் 31, திங்கள்

அச்சகத்துக்கு நேரில் போனேன். அவர் குறிப்பைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இதுல ஏதாவது வெட்டணுமா மேடம்?"

"ஒரு புள்ளியக்கூடத் தொடாதீங்க."

"படம் எங்க? கட்டம் காலியா இருக்கே."

"காலியாவே இருக்கட்டும். அடியில மட்டும் ஒரு வரி போடுங்க." எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்ததும் அவர் சிரிப்பை அடக்க இருமுவது மாதிரி நடித்தார். கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, அட்டைப்படத்தையும் முழுசாகப் போடச் சொன்னேன்.

"அப்போ அந்தக் கை யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சா மேடம்?"

"உங்க வேலையப் பாருங்க."

ஏப்ரல் 12, சனி

இதழைக் கிளப்பில் கொடுத்தேன். வழக்கம்போல எல்லோரும் கவிழ்ந்தோர் பக்கத்துக்குத் தாவினார்கள். தலைவர் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நீதிபதி தன் கவிதையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா கதவோரம் நின்றபடியே படித்தாள். காலிக் கட்டத்துக்குக் கீழே நான் போட்ட வரி இதுதான்: "படம் இல்லை. எடுக்கவேண்டியவர் கத்திக்கொண்டிருந்தார்." அவள் சிரிக்கவில்லை. இதழை மடித்துப் பையில் வைத்தாள், என் பக்கம் வந்தாள்.

"பாய் துவைச்சிருக்கா?"

"துவைக்காம யாரு வைப்பா?"

"நாளைக்கு ஏழு மணி. லேட்டா வராத."

"டாக்டர்?"

டாக்டர் பின்னாலிருந்து அவசரமாகச் சொன்னார். "எனக்கு வேணாம் மேடம். வாயத் தொறங்க, வாயத் தொறங்கன்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொல்வேன். உங்கக்கா ரெண்டு மாசமா என்கிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க."

அக்கா அவரை முறைத்தாள். அப்புறம் என்னையும் முறைத்தாள். "கத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசி."

"யோசிச்சா கவுந்துடுவோம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஓட்டுநர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டேன். ஞாயிறு முழுக்கப் படகில் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது, குரலே வரவில்லை. மூன்றாவது இடம்தான். தவறு யாருடையது என்பதை அடுத்த இதழில் எழுதுவேன். சுக்கான் என் கையில் இல்லை.

முன்பாயைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறேன்.