பிய்க்காமல் விட்ட டேப்

மச்சான்,

இன்று காலை பேனா தேடி மேசை இழுப்பறையை முழுதாக இழுத்தேன். பழைய பசை வாடை குப்பென்று அடித்தது. உள்மூலையில் உன் உருண்டை கிடந்தது. நீ வருடக்கணக்காகப் பிய்த்துப் பிய்த்துச் சுருட்டிய கறுப்பு டேப், ஒரு சாத்துக்குடி அளவுக்கு. நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை இன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். பலமுறை பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனிக்கு நாம் ஒரே நாளில் பிரஸ் ஆபரேட்டர்களாக வந்தோம். நீ கரையான்சாவடியிலிருந்து, நான் அயனம்பாக்கத்திலிருந்து. மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். கைகள் பட்டனில் இருக்கும்போது உள்ளே மாட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சம். வேலை வேகமாக ஓடும், பீஸ் கூடும். நாமும் அப்படி ஒட்டியவர்கள்தானே.

நீ சூப்பர்வைசர் ஆனதும் முதலில் பிய்த்தது என் மெஷினில் இருந்த டேப்பை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "இன்னாடா, நேத்து வரிக்கும் நீயும் ஒட்டிக்கினுதானே இருந்தே? சேர்ல குந்துனதும் பவுசு வந்துட்ச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

நீ டேப்பை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னாய்: "நேத்து என் கை மட்டும்தான் மச்சான் என்னுது. இன்னிக்கி எல்லார் கையும் என்னுது."

பிறகு தினமும் அதே கூத்து. டீ குடிக்கப் போகும் முன் ஒரு சுற்று, சாப்பிட்டு வந்ததும் ஒரு சுற்று. லாரி வாசலில் நின்றாலும், முதலாளி போனில் கத்தினாலும் பிய்ப்பாய். "டேப்பு பாய்" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள், அதில் நானும் ஒருவன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு மனுஷன் இப்படி உயிரை விடுவானா என்று நினைத்தேன்.

நெஞ்சுவலி வந்து நீ போன அன்று ஷிஃப்டே கிரீஸ் உடுப்போடு உன் வீட்டு வாசலில் நின்றது. நாலாம் மெஷின் தேவகி உன் மனைவியின் முன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி அழுதாள். "என் பத்து வெரலும் ஒயுங்கா கீதுன்னா அது பாயாலதான்கா."

நீ மேடை ஏறிப் பேசியவன் இல்லை. யாருக்கும் பெரிதாக எதுவும் செய்துவிடவும் இல்லை. உன் பெயர் அந்தப் பத்து விரலில் இருந்தது.

உன் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். முதல் மாதம் நானும் பிய்த்தேன். அப்புறம் அவசர ஆர்டர் வந்தால் மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டேன். அப்புறம் எல்லா ஆர்டரும் அவசரமாகவே வந்தது.

போன வருடம் ஒரு காலை தேவகியின் இடது பட்டனில் டேப்பைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். நான் பிய்ப்பேன் என்று நினைத்துக் கையைக்கூட எடுத்துக்கொண்டாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். போனில் யாரும் இல்லை, மச்சான். மதியம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு அலறல் கேட்டது.

எல்லோரும் அவள் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த டேப்பைப் பிய்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு வேகமாக நான் ஒருநாளும் பிய்த்ததில்லை. அறிக்கையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மோதிர விரல் போன கையோடு திரும்பி வந்த தேவகி என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். "என் மேலதான் சார் தப்பு, நான்தானே ஒட்னேன்." நான் தலையாட்டினேன்.

இன்று உருண்டையைப் பார்த்த வேகத்தில் எழுந்துபோய் ஆறாம் மெஷினில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தேன். அந்த ஆபரேட்டர் கோபப்படவில்லை. நான் உன்னைத் திட்டினேனே, அப்படி ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று நின்றேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"இன்னா சார், இன்னிக்கி யார்னா செக்கிங் வராங்களா?"

பக்கத்து மெஷின்காரரும் அவசரமாகத் தன் டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

தேவகியின் மெஷினில் பிய்த்தது இன்னும் என் பர்ஸில், என் மகள் போட்டோவுக்குப் பின்னால் மடிந்து கிடக்கிறது. உன் உருண்டையில் அதை ஒட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இவ்வளவையும் உன்னிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வது சுலபம், நீ நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. தேவகி இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். என் மேசையிலிருந்து பத்தடி தூரம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.