படியேறும் வாசம்

3 ஜூலை, வியாழன்

எங்கள் வீடு விற்கும் ஆபீஸ் முதலாளி தேவதாஸ் சார் இன்று சிரித்துக்கொண்டே கழுத்தில் கத்தி வைத்தார். "ஷர்மினி, மாசக் கடைசிக்குள்ள அந்த டூப்ளெக்ஸ் வீடு வித்துப் போகணும்லா. போனா உனக்கு வேலை நிரந்தரம். போகலேன்னா நான் ஒன்னும் பண்ண முடியாது." மறுபடி ரவாங் ஃபேக்டரியா? மறுபடி தலையில் வலைத் தொப்பியா? ஆறு வருஷம் போட்டது போதும்.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் மாடியில் ஹாலும் சமையலறையும். உள்ளேயே படியேறினால் மலையைப் பார்த்த அறைகள். கீழே கோலா குபு பாருவின் ஓவியச் சந்து. சீனர் காப்பிக் கடை, பானை வனையப் பழக்கும் மலாய்க்காரப் பெண், கிட்டார் செய்யும் பஞ்சாபிக்காரர். வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

அந்த வீட்டுக் குளியலறை ராசா ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலைவிடப் பெரிது. அம்மாவிடம் சொல்லவில்லை.

5 ஜூலை, சனி

இன்று சீனி முகம்மது அங்கிளும் பரீதா ஆன்ட்டியும் வீடு பார்க்க வந்தார்கள். அசாம் ஜாவாவில் இருக்கும் சாப்பாட்டுக் கடையை மகன் கைருதீனிடம் கொடுத்துவிட்டு அங்கிள் படம் வரைகிறாராம். மேல் அறையின் வெளிச்சத்தைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை ஆகிவிட்டார். ஆன்ட்டி சமையலறையைவிட்டு நகரவில்லை. ஹாலுக்கும் அதற்கும் இடையில் சுவர் கிடையாது, பக்கத்திலேயே படி.

"இங்க கருவாடு பொரிச்சா வாசம் மேல போவுமா?"

"போகவே போகாது ஆன்ட்டி!"

சுத்தப் புளுகு. நாக்குக்கு எலும்பு இல்லை என்பது சரிதான்.

"அடுத்த சனி நானே பொரிச்சுப் பாக்குறேன்" என்றார். போகும்போது அங்கிளைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பல். "கடையில பத்து மேசைக்காரன் கூப்பிட்டாலும் கேக்கும். இப்ப பிரஷைப் புடிச்சா காது செவிடு. சோறு தவறினா சர்க்கரை இறங்கிருதும்மா. போன மாசம் மயங்கியே விழுந்துட்டாரு." பாவமாக இருந்தது. ஆனால் என் மனசெல்லாம் கருவாட்டில்.

11 ஜூலை, வெள்ளி

அண்ணனின் ஸ்டாண்ட் ஃபேனைக் காரில் ஏற்றியாகிவிட்டது. எதற்கு என்று கேட்டான். சொல்லவில்லை.

12 ஜூலை, சனி

ஃபேனை மாடிப்படியின் உச்சியில், திரைக்குப் பின்னால், கீழ்நோக்கி ஓடவிட்டேன். மேல் ஜன்னல் எல்லாம் திறந்தேன். ஆன்ட்டி சின்ன கேஸ் அடுப்பும் கெலாமா மீன் கருவாடும் கொண்டுவந்தார். பொரித்த பொரிப்பில் ஹால் நாறிப்போயிற்று. பானைக்காரப் பெண் கீழே சந்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள். ஆன்ட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

"இல்ல. வரல."

குதிக்காத குறைதான் எனக்கு. மேலே அங்கிள் சுவரை அளந்துகொண்டே இருந்தார். மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

கீழே வந்ததும் ஆன்ட்டி, "நல்ல வீடும்மா. பாக்கலாம்" என்றார். 'பாக்கலாம்' என்றால் வேண்டாம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஏன்? வாசம்தான் வரவில்லையே!

தேவதாஸ் சார் திரைச்சீலையை மோந்துவிட்டு, "இது வீடா, மீன் பசாரா?" என்று கத்தினார்.

15 ஜூலை, செவ்வாய்

மானத்தை விட்டு ஆன்ட்டிக்கு ஃபோன் அடித்தேன். என்ன குறை என்று கேட்டேன்.

"வாசம் மேல வரலியேம்மா. வந்தா அவரே எறங்கி வந்துருவாரு. நாப்பது வருஷம் கடையில நின்ன மூக்கு, காது மாதிரி இல்ல. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் ஒவ்வொரு வேளையும் மாடியேறி கூப்பிட முடியுமா?"

ஐயோ. நானே ஃபேன் போட்டு விரட்டியிருக்கிறேன். விற்க வேண்டிய பொருளையே!

சொல்வதா? சொன்னால் என்னை எப்படி நம்புவார்? சொல்லாவிட்டால் — வேறு எங்கேயோ வாங்குவார், நான் தொப்பியைத் தேடுவேன்.

16 ஜூலை, புதன்

சொல்லிவிட்டேன். ஆன்ட்டி ஃபோனை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஃபேனா?"

"ஆமா ஆன்ட்டி. மன்னிச்சிருங்க."

"கள்ளி. சனிக்கெழம வர்றேன். ஃபேன வீட்டுல வெச்சிட்டு வா."

19 ஜூலை, சனி

ஜன்னல்கள் மூடியிருந்தன. அங்கிள் மேலே மலையை வரைந்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடக் கூடாது என்று ஆன்ட்டி வாயில் விரல் வைத்தார். கருவாட்டை ஒரு பக்கம் திருப்பிப் போட்டார். மேலே ஓர் அசைவும் இல்லை. இன்னொரு துண்டு போட்டார்.

படியில் காலடிச் சத்தம்.

"கெலாமாவா? சோறு எங்க?" — கையில் பிரஷோடு அங்கிள்.

சோறு இல்லை! சந்துக்கு ஓடிப்போய் வாங்கிவந்தேன். திரும்பி வந்தபோது ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் புகை என்றார். அப்புறம், "கையெழுத்துப் போடுறோம், பேப்பர எடும்மா" என்றார்.

6 செப்டம்பர், சனி

ஆன்ட்டி வீட்டுக்குக் கீழ் வீட்டைப் பார்க்க ஓர் இளம் ஜோடி வந்தது. புவனேசன், நித்தியா. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்.

"மேல் வீட்டுச் சத்தம் கேக்குமா சிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கேக்கும்" என்றேன். "மத்தியானம் ஒரு மணிக்குக் கருவாட்டு வாசம் வரும். கொஞ்ச நேரத்துல ஒருத்தர் தடதடன்னு படியிறங்குவாரு. தினமும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி அப்போது ஒன்று அடிக்க ஐந்து நிமிடம். காத்திருந்து கேட்டுவிட்டுப் போகிறோம் என்றார்கள்.